நாலு சென்டிமீட்டர் கேபிள்

வாரியத்தின் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் தலைவர் ஒருவர்தான். பொதுக் கட்டிட மின்பாதுகாப்பு, மேம்பாடு, மேற்பார்வை மற்றும் விழிப்புணர்வு வாரியம். மற்றவர்கள் 'வாரியம்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டு மிச்ச மூச்சை மாடிப்படிக்கு வைத்துக்கொண்டார்கள். லிஃப்ட் ஓடுவதில்லை.

அந்த மூன்றாவது மாடியில், வரைபடப் பிரிவில், இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒத்தக்கோட்டார் என்று பெயர் விழுந்திருந்தது. ஒரு கட்டிடத்துக்குள் மின்சாரம் எந்த வழியாக நுழைகிறது, எங்கே ட்ரான்ஸ்ஃபார்மரில் இறங்குகிறது, எங்கெங்கே பிரிந்து போகிறது என்று ஒரு தாளில் போட்டுக் காட்டும் படத்துக்கு ஒற்றைக்கோட்டுப் படம் என்று பெயர். உள்ளே மூன்று கம்பி போனாலும் நான்கு போனாலும் தாளில் ஒரு கோடுதான். அதை வரைய ஒரு காலத்தில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் ஓய்வு பெற்றதும் அவர்கள் நாற்காலிகளும் ஓய்வு பெற்று, தலைவரின் அறையில் வருகையாளர்களுக்காகப் போய்ச் சேர்ந்தன. பெயரின் கடைசியில் உள்ள 'ஆர்' மரியாதைக்கு வந்ததல்ல. கூப்பிட வாட்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

கட்டி முடித்த ஒவ்வொரு கட்டிடத்தின் படத்திலும் வலது பக்கக் கீழ்மூலையில் ஒரு கட்டம் உண்டு. 'கட்டியபடி உள்ளதை நேரில் கண்டேன்' என்று அச்சடித்திருக்கும். கீழே வரைந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒத்தக்கோட்டார் இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை போட்டிருந்தார். கண்டது ஒன்றுகூட இல்லை. போய்ப் பார்க்க வண்டி கேட்டு முதல் வருடம் ஒரு விண்ணப்பம் எழுதினார். இரண்டாம் வருடம் அதை நினைவூட்டினார். மூன்றாம் வருடம் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அதோடு அவருக்கும் புத்தி வந்தது. அந்த அலுவலகத்தில் 'கண்டேன்' என்பது வினைச்சொல் இல்லை, நிரப்ப வேண்டிய ஒரு கட்டம். நிரப்பிக்கொண்டே வந்தார்.

இப்போது வாரியமே தனக்கென்று ஒரு கட்டிடம் கட்டி முடித்திருந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. தலைவருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. முகப்புக் கூடத்தில், படியேறி வந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், புதுக் கட்டிடத்தின் ஒற்றைக்கோட்டுப் படத்தைத் தங்க நிறச் சட்டம் போட்டு மாட்டுவது. அதை விழாவின் சிறப்பு விருந்தினர் திரை விலக்கித் திறப்பது. படத்துக்கு மேலே 'பாதுகாப்பே எங்கள் முகவரி' என்று பித்தளையில் எழுத்து. எண்பத்து நாலுக்கு அறுபது சென்டிமீட்டர் என்று தாளின் அளவுக்குத் துல்லியமாகத் தச்சர் சட்டத்தைச் செய்து கண்ணாடியும் பதித்துவிட்டார்.

"கட்டுறதுக்கு முன்னாடி போட்ட படம் இருக்குல்ல, அதுல 'உத்தேசம்'ங்கிறதை அழிச்சுட்டு 'கட்டியபடி'ன்னு போட்டு, கண்டேன்ல ஒரு கையெழுத்தையும் போட்டுக் குடுத்துடுங்க" என்றார் தலைவர் செவ்வாய்க்கிழமை. இதில் புதிதாக ஒன்றும் இல்லாததால் ஒத்தக்கோட்டாரும் சரி என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் ஒரு முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வாரியத்தில்தான் வேலை. பதிவறையில் கோப்புகளைப் பார்த்துக்கொள்பவள். புதுக் கட்டிடத்துக்கு முதலில் குடிபோனது பதிவறைதான். சுண்ணாம்பு வாசனை போகாத அறைக்கு ஆட்களை அனுப்பினால் முறையிடுவார்கள், கோப்புகள் முறையிடாது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. கோப்புகளோடு அவளும் போக வேண்டியிருப்பது நிர்வாகத்துக்குத் தோன்றவில்லை.

"என்னங்க, எனக்கு ஜன்னல் குடுத்திருக்காங்க" என்றாள். "பத்தொன்பது வருஷத்துல முதல் ஜன்னல்."

"வெளியில என்ன தெரியுது?"

"சுவர்தான். ஆனா வெளிச்சம் வருதே. இன்னொண்ணு, தலைக்கு மேல ஒரு இரும்புத் தட்டு போகுது பாருங்க, ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி. பை மாட்ட அவ்வளவு வசதி. இன்னைக்கு சாப்பாட்டுப் பையை அதுலதான் மாட்டினேன். அதுக்கு மேல கைத்தண்டி கறுப்புக் கேபிள் நாலு போகுது."

தைலம் தேய்த்த கை நின்றது. "உன் ரூம்லயா? உன் ரூம்ல அப்படி ஒண்ணும் கிடையாதே."

"யார் சொன்னா?"

"படத்துல இல்லையே."

"உங்க படத்துல இல்லாட்டி என்ன, என் மண்டைக்கு மேல இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு சட்டையை உதறினாள். "உங்க ஆபீஸ்ல படத்துல இல்லாததெல்லாம் உலகத்துலயே இல்லன்னுதானே வச்சிருக்கீங்க. நான்கூட எந்தப் படத்துலயும் இல்ல. தினம் போய்ட்டு வரேனே."

மறுநாள் காலையில் ஒத்தக்கோட்டார் இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கட்டிடத்தைப் பார்க்கப் போனார். அலுவலகத்தில் அளவு நாடா கிடையாது. கேட்டால் படிவம் தருவார்கள். மனைவியின் தையல் டேப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்.

வேலையை முடித்துக்கொண்டிருந்த எலெக்ட்ரிகல் ஃபோர்மேன் அவரைத் தரைத்தளத்தில் பார்த்ததும், செத்தவர் நடந்து வந்ததைப் போலப் பார்த்தார். "அண்ணே! நீங்களா? படத்துக்குள்ள இருந்து வெளிய வந்துட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாதேப்பா, முட்டி வலிக்குது. பேனல் எங்க?"

அவர் வரைந்த படத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் அறைக்கு அடுத்த அறையில், மாடிகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் மெயின் பேனல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். கேபிள் அந்தச் சுவரைத் தாண்டினால் பேனல். எல்லாம் சேர்த்து இரண்டு மீட்டர். இங்கே அடுத்த அறையின் கதவு பளபளவென்று தேக்கில் இருந்தது. 'தலைவர் — தனிப்பட்டது' என்று பலகை.

"இதுதான் பேனல் ரூம்" என்றார் ஃபோர்மேன். "இப்போ ஐயாவோட பாத்ரூம். கார்ல இருந்து இறங்கினதும் பக்கமா இருக்கணும்னு சொன்னாங்க. தண்ணி ஓடுற இடத்துல பேனலை வைக்க முடியுமா? அதனால பேனல் அந்தக் கோடிக்குப் போயிடுச்சு. கேபிள் சுத்திக்கிட்டுப் போகுது."

ஒத்தக்கோட்டார் டேப்பை எடுத்தார். ட்ரான்ஸ்ஃபார்மரின் கீழ்ப்பக்கம் கேபிள் புறப்படுகிற இடத்தில் ஆரம்பித்து, தலைக்கு மேல் போகும் இரும்புத் தட்டைப் பார்த்துப் பார்த்துத் தரையில் அளந்துகொண்டே போனார். ஒன்றரை மீட்டர் டேப்பு. குனிந்து, வைத்து, விரலால் அடையாளம் பிடித்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து. நடைபாதை தாண்டி, பதிவறைக்குள் நுழைந்து, மனைவியின் மேசைக்கடியில் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்தார். மேசையிலிருந்து அவள், "காலைத் தூக்கணுமா?" என்று கேட்டாள். பன்னிரண்டு தடவை போட்ட பிறகு இன்னும் ஒரு மீட்டர் மிச்சம் இருந்தது. பத்தொன்பது மீட்டர்.

"என்கிட்ட இருபது மீட்டர் ஸ்டீல் டேப்பு இருக்கே அண்ணே" என்றார் ஃபோர்மேன் அப்போதுதான்.

ஒத்தக்கோட்டார் சுவரில் சாய்ந்து நின்றார். "சரி, மேல ஹை வோல்டேஜ் பக்கம் பிரேக்கர் இருக்குல்ல? அது பார்த்துக்காதா?" மின்சாரம் வரம்பு மீறினால் தானே விழுந்து இணைப்பை வெட்டுகிற அந்தச் சாதனத்தைப் படத்தில் சின்னச் சதுரமாக முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை வரைந்தவர் என்ற உரிமையில் கேட்டார்.

"கேட்ல வாட்ச்மேன் இருக்கார். அதுக்காக உங்க வீட்டு அடுப்புல பால் பொங்கினா அவரா வந்து இறக்குவார்?" ஃபோர்மேன் ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். "அந்தப் பிரேக்கர் ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் காவல். அங்க வோல்டேஜ் ஜாஸ்தி, கரண்ட் கம்மி. இங்க கீழ வோல்டேஜ் கம்மி, கரண்ட் அள்ளிக்கிட்டு வரும். இந்தக் கேபிள் தாங்காம வெந்துக்கிட்டு இருந்தாலும் அங்க அதுக்குத் தும்மல் மாதிரிதான் தெரியும். அதுவும் ட்ரான்ஸ்ஃபார்மரை ஆன் பண்ணினா முதல்ல ஒரு பெரிய மூச்சு இழுக்கும். அந்த மூச்சுக்கே பயந்து விழுந்துடக் கூடாதுன்னு அதைக் கொஞ்சம் மந்தமாத்தான் செட் பண்ணி வச்சிருக்கோம்."

"பேனல்ல மெயின் பிரேக்கர் இருக்கே?"

"அது கேபிளோட வாலாச்சே. பேனலுக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஆனா டக்குனு விழும். நடுவுல கேபிள்லயே ஒரு எலி பல்லு வச்சுதுன்னு வைங்க, அதுக்கு ஒரு சேதியும் போகாது. பேனல் பக்கத்துல இருந்தப்போ ரெண்டு மீட்டர், பரவாயில்ல. நம்ம விதியே மூணு மீட்டர் வரைக்கும் விடுது. பத்தொன்பது மீட்டர்னா தலைமாட்டுலயே, ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து புறப்படுற இடத்துலயே, ஒரு பிரேக்கர் வச்சாகணும். நான் எழுதிக் கேட்டேன். 'படத்தில் இல்லை'ன்னு பதில் வந்துச்சு."

"அப்போ தலைக்கும் வாலுக்கும் நடுவுல?"

"நடுவுல உங்க வீட்டம்மா உட்கார்ந்திருக்காங்க. சுத்தி நாப்பதாயிரம் பழைய காகிதம்."

சுவருக்கு அந்தப் பக்கத்தில் யாரோ தலைவரின் குழாயைச் சோதித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் நன்றாக வந்தது.

"லைட்டுக்கு மட்டும் இப்போ போகுது, பரவாயில்ல" என்றார் ஃபோர்மேன். "வெள்ளிக்கிழமை ஏசி எல்லாம் ஓடும். விழா ஆச்சே."

மத்தியானம் தலைவரைப் பார்த்தார். தலைவர் விழா மலரின் கடைசிப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். மலரில் இருபத்தோரு இடங்களில் அவர் படம் இருந்தது, ஒன்றில் ஹெல்மெட்டோடு. ஒத்தக்கோட்டார் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டுவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, படத்தை விரித்து, ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் பேனலுக்கும் நடுவில் வைத்தார்.

"எவ்வளவு இருக்கு பாருங்க."

"நாலு சென்டிமீட்டர் ஐயா."

"கீழ என்ன அளவு போட்டிருக்கு?"

"ஒண்ணுக்கு அம்பது ஐயா. ஆனா அது ஓரத்துல இருக்கிற ரூம் பிளானுக்கு ஐயா. ஒத்தக்கோட்டுப் படத்துக்கு அளவே கிடையாது. அச்சடிச்ச கட்டத்துல எல்லாத்துக்கும் சேர்த்து..."

"நாலு இன்ட்டு அம்பது இருநூறு. ரெண்டு மீட்டர். விதி மூணு மீட்டர். ஒரு மீட்டர் மிச்சம்கூட வச்சிருக்கோம்." தலைவர் ஸ்கேலை, வாளை உறையில் போடுவதைப் போல, இழுப்பறைக்குள் போட்டார். "குழுக் கூட்டத்துல இதை நானே அளந்து காட்டி, குறிப்புல ஏத்தி, மலர்லயும் போட்டாச்சு. 'ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவில் விதிக்கு உட்பட்டது'ன்னு. எட்டாம் பக்கம்."

"நான் இன்னைக்கு டேப்பு வச்சு அளந்தேன் ஐயா."

"டேப்பு யார் குடுத்தா?"

"என் மனைவியோடது. தையல் டேப்பு."

தலைவர் வருத்தத்தோடு சிரித்தார். "தையல் டேப்பு! இது மின்சாரம், ரவிக்கை இல்ல. நம்ம வாரியத்தைப் பொறுத்தவரைக்கும் படத்துல என்ன நீளமோ அதுதான் நீளம். படம் தப்புன்னு உங்களுக்குத் தோணினா படத்தைத் திருத்துங்க. யார் வேண்டாம்னா? அளவுப்படி திருத்துங்க. ஆனா நாளைக்குக் காலையில ஃபிரேமுக்கு வந்தாகணும்."

"சரி ஐயா" என்றார் ஒத்தக்கோட்டார்.

அந்தச் 'சரி ஐயா'வில் சூது ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாதாடத் தெம்பு இல்லாதவர் சொல்கிற சரிதான் அது. திரும்பி வந்து மூன்று மாடி ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, சொன்னபடி படத்தைத் திருத்தினார். பத்தொன்பது மீட்டர், ஒன்றுக்கு ஐம்பது. முப்பத்தெட்டு சென்டிமீட்டர். பேனலும் அதற்குக் கீழே கிளை கிளையாகப் பிரிந்த ஐந்து மாடிகளும் முப்பத்து நாலு சென்டிமீட்டர் கீழே இறங்க வேண்டியிருந்தது. தாள் போதவில்லை. அடியில் இன்னொரு துண்டை ஒட்டினார். நடுவில் ஒரு கோடு மட்டும், பக்கத்தில் ஒரு சின்னமும் இல்லாமல், வெறிச்சோடிய சாலை மாதிரி நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அடைப்புக்குள் 'பதிவறை' என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னும் சிறிய எழுத்தில் 'மேசை' என்று எழுதினார்.

வியாழக்கிழமை காலை முகப்புக் கூடத்தில் தலைவர், தச்சர், ஃபோர்மேன் மூவரும் காத்திருந்தார்கள். ஒத்தக்கோட்டார் சுருளை விரித்தார். தச்சர் அதைச் சட்டத்தில் வைத்தார். சட்டைக்குக் கீழே பனியன் தொங்குவதைப் போல ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே தொங்கியது.

"என்னங்க இது?" என்றார் தலைவர்.

"அளவுப்படி திருத்தச் சொன்னீங்க ஐயா."

தச்சர் கவலைப்பட்டார். "சட்டத்தை நீட்ட முடியாதுங்க. கண்ணாடி வெட்டியாச்சு. இனிமே கண்ணாடிக்கு ஒரு வாரம் ஆகும்."

"மொத்தத்தையும் சுருக்குங்க" என்றார் தலைவர்.

"சுருக்கினா ஒண்ணுக்கு அம்பது போயிடும் ஐயா. மலர்ல எட்டாம் பக்கம்" என்றார் ஒத்தக்கோட்டார்.

"அப்போ அந்தக் கோட்டை மட்டும் வளைச்சு வளைச்சுப் போடுங்க. இடம் அடைஞ்சுடும்."

"கோட்டை வளைச்சுப் போட்டா அது காயில், கம்பிச் சுருளுக்கு உண்டான சின்னம் ஐயா. விவரம் தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா, எதுக்கு இங்க ரியாக்டர் வச்சிருக்கீங்கன்னு கேப்பாங்க."

விருந்தினர் விவரம் தெரிந்தவர் என்று வதந்தி இருந்தது. தலைவர் மோவாயைத் தடவினார். "ரெண்டாவது தாளுக்குக் கொண்டு போங்க. கோட்டை இங்க நிறுத்தி, 'தொடர்ச்சி தாள் இரண்டில்'னு போட்டுட்டா முடிஞ்சுது."

"முடியாது ஐயா."

"ஏன் முடியாது?"

ஒத்தக்கோட்டார் தயங்கினார். "கையேடு, விதி பதினாலு."

வரைபடக் கையேட்டைத் தொகுத்தது தலைவர்தான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால். முன்னட்டையிலும் அவர் படம், பின்னட்டையிலும் அவர் படம். பின்னட்டையில் சிரித்துக்கொண்டிருப்பார். அதில் உள்ள விதிகளில் ஒன்றையும் தலைவர் அதற்குப் பிறகு படித்ததில்லை. ஒத்தக்கோட்டார் மனப்பாடமாகச் சொன்னார். "'ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குக் கோடு செல்லுமிடத்தில், அக்கோட்டில் ஒரு பிரேக்கரோ சுவிட்சோ இருத்தல் வேண்டும். வெட்ட இயலாத கோட்டைத் தாளிலும் வெட்டலாகாது.'"

அந்தக் கடைசி வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. தலைவரே அதை ரசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றார். பிறகு, "அப்போ அந்த இடத்துல ஒரு பிரேக்கரைப் போட்டுத் தொலைங்க! இதுக்குப் போய் இவ்வளவு பேச்சு."

ஃபோர்மேன் சட்டென்று நிமிர்ந்தார். "ஸ்டோர்ல ஒண்ணு இருக்குங்க ஐயா. போன வேலையில மிஞ்சினது. ட்ரான்ஸ்ஃபார்மர் ரூம் கதவு பக்கத்துல இரும்பு ஆங்கிள் அடிச்சு நிறுத்திடலாம். ஆறு மணி நேரம் கரண்டை நிறுத்தினா..."

"கரண்டை எதுக்கு நிறுத்தணும்? மேடையில மைக் சோதனை நடந்துட்டு இருக்கு. நான் படத்துல போடச் சொன்னேன்."

"படத்துலயா?"

"படத்துலதான். ஒரு சின்னச் சதுரம். அதுக்கு எதுக்கு ஆங்கிளு?"

எல்லோரும் ஒத்தக்கோட்டாரைப் பார்த்தார்கள். தச்சர்கூடச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். ஒரு சதுரம், குறுக்கே ஒரு கோடு. வரைவதற்கு அரை நிமிடம் ஆகாது. வரைந்துவிட்டு, தொடர்ச்சி தாள் இரண்டில் என்று எழுதிவிட்டு, மூலையில் கண்டேன் என்று கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பதினொரு மணி டீக்குப் போய்விடலாம். இருபத்தாறு வருடம் அப்படித்தான் போயிருந்தார்.

அவர் பேனாவைத் திறந்தார். தரையில் மண்டியிட்டுப் படத்தில் அந்தச் சதுரத்தைப் போட்டார். அவருடைய கோடுகள் எப்போதும்போல் சுத்தமாக இருந்தன. பிறகு பேனாவை மூலைக்குக் கொண்டுபோனார். அங்கே அது நின்றது.

"என்ன?" என்றார் தலைவர்.

"நேரில் கண்டேன்னு போட்டிருக்கு ஐயா."

"ஆமா. எப்பவும் போட்டிருக்கிறதுதானே."

"நேத்து நேர்ல போய்ட்டேன் ஐயா. அதான் சிக்கல். போகாம இருந்தா போட்டிருப்பேன்."

ஃபோர்மேன் சிரிப்பை அடக்கிக்கொள்ளச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தலைவர் குரலை உயர்த்தவில்லை. தாழ்த்தினார், அதுதான் மோசம். "இத்தனை வருஷமா எதைக் கண்டு கையெழுத்துப் போட்டீங்க?"

"இத்தனை வருஷமும் ஒண்ணையும் காணல ஐயா."

"முந்நூறு கட்டிடம்!"

"முந்நூத்திப் பன்னிரண்டு ஐயா."

இதைச் சொன்னபோது ஒத்தக்கோட்டாருக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. முழங்கால் வலித்தது. மண்டியிட்டு உட்கார்ந்தவருக்கு யாராவது கை கொடுத்தால்தான் எழுந்திருக்க முடியும் என்ற நிலைமை. ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. ஆனால் அந்தச் சதுரத்துக்கு ஒரு சாண் கீழே 'மேசை' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இதில் கையெழுத்துப் போடப் போனால், அவள் காலைத் தூக்கி வழிவிட்டது ஞாபகத்துக்கு வந்தது.

பேனாவைத் திருப்பிப் பிடித்து நீட்டினார். "நீங்க வேணா போட்டுடுங்க ஐயா. தலைவர் போட்டா இன்னும் கௌரவம்தானே. விருந்தினர் முதல்ல அந்த மூலையைத்தான் பார்ப்பார்."

தலைவர் பேனாவைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். 'நேரில் கண்டேன்' என்பதை வாய்க்குள்ளேயே ஒரு முறை படித்துப் பார்த்தார். அந்தச் சொற்களை அச்சடிக்க உத்தரவிட்டவரும் அவர்தான்; தன் பெயரை அதற்குக் கீழே வைத்து அவர் இதுவரை யோசித்ததில்லை. வெளியே மேடையில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்று மைக்கைத் தட்டினார்கள்.

அவர் பேனாவைத் தொடவே இல்லை. ஃபோர்மேன் பக்கம் திரும்பினார்.

"ஆறு மணி நேரம்னா எத்தனை மணிக்கு முடியும்?"

"இப்போ ஆரம்பிச்சா அஞ்சரைக்குள்ள முடிச்சுடலாம் ஐயா."

"அஞ்சுக்கு முடிங்க. மைக்கை அப்புறம் தட்டிக்கலாம்."

ஃபோர்மேன் ஒத்தக்கோட்டாரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

மின்சாரத்தை நிறுத்தினார்கள். சுவரில் துளை போட்டு ஆங்கிள் அடித்தார்கள். ஸ்டோரிலிருந்து பிரேக்கரை நாலு பேர் தூக்கி வந்தார்கள். கேபிளை அறுத்து, முனைகளை அழுத்தி, ஒவ்வொன்றாக மாட்டினார்கள். ஒத்தக்கோட்டார் கதவோரம் ஒரு அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

"போய் மேல ஃபேன் காத்துல உட்காருங்க அண்ணே, முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

"ஃபேன் ஓடாது. நீதானே கரண்டை நிறுத்தியிருக்க."

"அட, ஆமா."

"பரவாயில்ல. பார்க்கணும்னு போட்டிருக்கு, பார்க்கிறேன்."

ஐந்தேகாலுக்கு முடிந்தது. ட்ரான்ஸ்ஃபார்மர் பெரிய மூச்சொன்றை இழுத்துவிட்டு முனக ஆரம்பித்தது. புதுப் பிரேக்கர் விழாமல் நின்றது. ஒத்தக்கோட்டார் பெட்டியில் இருந்த எண்ணைப் படித்துப் படத்தில் எழுதி, மூலையில் கையெழுத்துப் போட்டார். முந்நூற்றுப் பதின்மூன்றாவது. கையெழுத்து மற்றதையெல்லாம் போலவே இருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

வெள்ளிக்கிழமை விருந்தினர் திரையை விலக்கினார். விவரம் தெரிந்தவர் என்ற வதந்தி பாதி உண்மையாக இருந்தது. சட்டத்துக்குள் விரலைக் காட்டி, "ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கீழேயே இந்தச் சின்னச் சதுரம் இருக்கே, இது என்ன?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி கேட்டீங்க" என்றார் தலைவர். "எல்லாரும் மேல் பக்கத்துல ஒரு பிரேக்கரைப் போட்டுட்டு நிம்மதியா இருந்துடுவாங்க. கீழ போற கேபிளை யார் பார்க்கிறது? அதுக்குத் தலைமாட்டுலயே ஒரு பாதுகாப்பு. என்னோட கையேட்டுல விதி பதினாலு."

கைதட்டினார்கள். ஏசி நன்றாக ஓடியதால் கைதட்டல் நீடித்தது. தலைவருக்கு அது போதவில்லை. மேடையில் மைக்கைப் பிடித்தவர், எழுதி வைத்திருந்த உரையை முடித்த பிறகும் விடாமல், எழுதி வைக்காத ஒன்றையும் சொன்னார். இனி இந்த வாரியத்தில் கண்டேன் என்றால் கண்டேன்தான். இதுவரை கட்டிய அத்தனை கட்டிடங்களும் மறுபடி நேரில் போய்க் காணப்படும். ஒரு கட்டிடம் விடப்பட மாட்டாது. மறுபடியும் கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில், ஓரத்தில், காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒத்தக்கோட்டார் மனதுக்குள் கணக்குப் போட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டிடம். நாலு வருடம். வரைபடப் பிரிவில் ஒரு நாற்காலி.

கூட்டம் கலைந்ததும் சுற்றறிக்கை அவர் கைக்கே வந்தது. இவ்வளவு வேகமாக அந்த அலுவலகத்தில் ஒரு தாளும் நகர்ந்ததில்லை. வண்டி உண்டா என்று புரட்டிப் பார்த்தார். 'போக்குவரத்து குறித்துப் பின்னர் அறிவிக்கப்படும்' என்றிருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பதிவறைக்குப் போனார்.

மனைவி கிளம்பத் தயாராக மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் சாப்பாட்டுப் பை, தலைக்கு மேல் இரும்புத் தட்டில், நாலு கறுப்புக் கேபிளுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் அங்கதான் மாட்டுறியா?"

"அதான் பிரேக்கர் வச்சாச்சே" என்றாள் அவள். "நீங்களே உட்கார்ந்து பார்த்தீங்கன்னு ஃபோர்மேன் சொன்னார். அப்புறம் என்ன பயம்?"

ஒத்தக்கோட்டாருக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. மேல் பக்கத்துப் பிரேக்கரைக் காட்டி எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததும் இதையேதான் என்று வாய்வரை வந்தது. எக்கி அந்தப் பையைத் தட்டிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாளையில இருந்து நாற்காலியில மாட்டு."

"சரி. நாளைக்கு நீங்க எங்க போறீங்க?"

"ஒரு அஞ்சு மாடிக் கட்டிடம்" என்றார். "இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி கண்டது."

"லிஃப்ட் இருக்கா?"

"படத்துல இருக்கு" என்றார் ஒத்தக்கோட்டார். இருவரும் விளக்கை அணைத்துவிட்டு வாசல் படியிறங்கினார்கள்.